குடிலுக்கு இழுத்த வெளிச்சம்

ஆரோக்கியராஜ் வீட்டில் கயிறு என்று ஒன்று தரையில் கிடந்து யாரும் பார்த்ததில்லை. சென்னைக் கடற்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பத்தில் எல்லா வீட்டிலும் கயிற்றுக்கு ஒரு மரியாதை உண்டு. வலையைத் தாண்ட மாட்டார்கள், கயிற்றை மிதிக்க மாட்டார்கள். தப்பித் தவறிக் கால் பட்டுவிட்டால் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். ஆரோக்கியராஜ் இதில் ஒரு படி மேல். அரிசி மூட்டையோடு வந்த சணலானாலும் சரி, முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே வளையம் வளையமாகச் சுற்றி, சுருளின் நடுவில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டு, ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்.

"ஒரு நாளு என்னையும் சுருட்டி மாட்டிடப் போறான் இந்த ஆளு" என்பாள் அவன் மனைவி ஜாஸ்மின்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டியபோது விளக்குக்கு இழுத்த வயரையும் அவன் அப்படித்தான் சுருட்டி வைத்தான். அதில் யார் குற்றம் காண முடியும்? அவன் கைக்குத் தெரிந்த ஒழுங்கு அதுதான்.

குடில் கட்டியதே ஒரு நேர்ச்சைக்காக. ஐப்பசி மாதம் விடியலுக்கு முன்னால், கரைக்கு வரும் வழியில் அவன் படகு அலையில் கவிழ்ந்தது. தோள்பட்டை நழுவிப் போய், ஒரு கையால் பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு இருட்டில் மிதந்தான். கத்திக் கத்தித் தொண்டை அடைத்துவிட்டது. அப்போது தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. 'மாதாவே, கரை சேர்த்துவிடு. உன் பிள்ளைக்குக் குடில் கட்டி, ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் விளக்கை என் கையால் அணைக்க மாட்டேன்' என்று நேர்ந்துகொண்டான். வந்தது பக்கத்து வீட்டு மண்ணாங்கட்டியின் படகு. தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து சேர்த்தார்.

தோள் சரியாகிவிட்டது. மனசு சரியாகவில்லை. ஆரோக்கியராஜ் சுவரைப் பார்த்துப் படுத்தவன் படுத்தபடியே கிடந்தான். கடல் இரைந்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தான். படகு பழுது பார்த்துக் கரையில் தயாராக நின்றது. அந்தப் பக்கமே போகவில்லை. ஜாஸ்மின் மீன் வாங்கி விற்றுக் குடும்பத்தை ஓட்டினாள். தினமும் பெசன்ட் நகர் மாதா கோயில் வாசலில் கூடையை இறக்கி வைத்து, "அந்த ஆளு எழுந்து ஒக்காந்தா போதும் தாயே" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் பிறந்ததும் எழுந்து உட்கார்ந்தான். குடில்தான் எழுப்பியது. முன்னறையில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே பலகை போட்டு, கடற்கரை மணலைக் கொட்டி, மூங்கில் குச்சியில் கூரை கட்டி வைக்கோல் வேய்ந்தான். தட்டில் விதைத்த கேழ்வரகு பச்சைப்பசேலென்று முளைத்து இடையர்களுக்குப் புல்வெளியானது. மூன்று ராஜாக்களுக்கு ஒட்டகம் இல்லை. தெர்மாகோலில் ஒரு படகு செய்து அதில் உட்கார வைத்தான்.

"பெத்லகேம்ல ஏதுய்யா கடலு?" என்று ஜாஸ்மின் கேட்டாள்.

"நம்ப வூட்டுக்கு வர்ற ராஜாங்க படகுலதான் வருவாங்க. ஒட்டகத்த இந்தச் சந்துல எங்க கட்றது?"

ஐப்பசிக்குப் பிறகு அவன் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு அது. ஜாஸ்மின் அடுப்படிக்குப் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மீன் ஏலம் விடும் இடத்தில் மாற்றிவிட்டுப் போட்டிருந்த பழைய ஹாலஜன் விளக்குகள் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தான். சூடு வைக்கோலில் படக்கூடாது என்று கவனமாகக் கூரைக் கம்பியில் உயரக் கட்டினான். அவற்றோடு இரண்டு சரம் சீரியல் லைட், வாசலுக்கு ஒரு நட்சத்திரம். பிளக் இருப்பது எதிர்ச் சுவரில், டிவிக்குப் பக்கத்தில். வயர் மண்ணாங்கட்டியின் மச்சான் டில்லிபாபு கொடுத்தது. தி.நகர்க் கல்யாண மண்டபங்களுக்கு விளக்கு அலங்காரம் செய்கிறவன். "இந்தா மாமா, இத்த வெச்சி அடையாறு பாலம் வரைக்கும் இஸ்துகினு போலாம்" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அறையோ பத்தடி. கால் படாமல் இருக்க வயரைக் கதவு நிலைக்கு மேலாகக் கொண்டுபோனான் ஆரோக்கியராஜ். மீதியெல்லாம், அதாவது பெரும்பாகம், முழங்கையில் சுற்றி, நைலான் நூலால் இறுகக் கட்டி, கண்ணுக்குத் தெரியாமல் குடிலின் பின்னால் வைக்கோலுக்கு அடியில் செருகினான். பாலன் பிறந்த இரவில் விளக்கை ஏற்றினான். அதன் பிறகு அணையவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்து சில நாள் கழித்து ஒரு மதியம். தூறலில் நனைந்துகொண்டு, மீன் விற்ற காலித் தட்டுகளோடு ஜாஸ்மினும் மண்ணாங்கட்டியின் மனைவி கெங்கம்மாவும் வீடு திரும்பினார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்.

"இன்னாடி ஜாஸ்மினு, உங்க வூட்ல சூரியன வாங்கி உள்ள வுட்டுகிறீங்களா? செவுத்து ஓட்டையில வெளிச்சம் வந்து என் கோழி தூங்க மாட்டுது. கண்ண முழிச்சிகினு என்னையே பாக்குது."

"ராஜாங்க வந்துட்டா அணைச்சிடுவாருக்கா."

"சீக்கிரம் வரச் சொல்லு. அது முட்ட வெக்கல."

சிரித்துக்கொண்டே உள்ளே வந்த ஜாஸ்மினுக்கு மூக்கில் ஏதோ பட்டது. செருப்பை அனலில் வாட்டினாற்போல ஒரு வாசனை. அடுப்பைப் பார்த்தாள், அணைந்திருந்தது. விளக்குகளை அண்ணாந்து பார்த்தாள், தம்மிடத்தில் ஒழுங்காக எரிந்தன. குடிலில் ஒரு ஆடு சாய்ந்து கிடந்தது. அதை நிமிர்த்த வைக்கோலுக்குள் கையை விட்டவள் சட்டென்று நின்றாள். கோழி எழுந்து போன இடம்போல வைக்கோல் வெதுவெதுவென்று இருந்தது. இன்னும் உள்ளே விட்டாள். விரலை எடுத்துக்கொண்டாள். சுட்டது.

ஆரோக்கியராஜ் கட்டிலில் உட்கார்ந்து குடிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா கொழம்பு இன்னிக்கி?" என்றான்.

"காரப்பொடி மீனு."

"புளி தூக்கலா வையி."

புளி தூக்கலாக வைத்தாள். சூடாகச் சோறு போட்டாள். அவன் முள்ளோடு மென்று, விரலை நக்கி, இன்னொரு தடவை சோறு கேட்டான். இரண்டு மாதமாகப் போட்ட சோற்றைத் தட்டில் அளைந்துவிட்டு எழுந்தவன். ஜாஸ்மினுக்கு வாய் வரவில்லை. அணைக்கச் சொன்னால் இந்த மனுஷன் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். சொல்லாவிட்டால் வீடு என்ன ஆகும்? ஒட்டினாற்போலக் கெங்கம்மா வீடு வேறு. 'சேசுவே, எனக்குப் பேச்சக் குடு' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவன் கை கழுவி வரும்வரை பொறுத்தாள்.

"இன்னாய்யா, வைக்கோலு சுடுது."

"வெளக்கு எரிஞ்சா சுடாதா?"

"வெளக்கு மேல கீது. சுடுறது கீழ. அந்த வயரு."

"நல்லா சுருட்டிக் கட்டிதானே வெச்சிகிறேன்?"

"ஒரு நிமிஷம் அணைச்சிட்டுப் பாக்கலாமா?"

துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினான். முகம் கோபமாகவில்லை. பயந்த பிள்ளையின் முகம்போல ஆனது.

"ராஜாங்க இன்னும் வரல ஜாஸ்மினு."

"கரண்டு போனா அணையாதா?"

"கரண்டு போனா அது ஆண்டவரு இஷ்டம். என் கையால அணைக்க மாட்டேன்னு சொன்னேன். நடுவுல அணைச்சா, அன்னிக்கு நான் போட்ட சத்தமும் பொய்தான், கரை சேந்ததும் பொய்தான்னு ஆயிடும். அப்பறம் நான் படகுல கால வெக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

ஜாஸ்மின் சுவருக்கு அப்பால் குரல் கொடுத்தாள். "யக்கா, உன் தம்பிக்கு ஒரு போன் போடு. குடில் பக்கம் கருகுற வாசன வருது."

டில்லிபாபு பொழுது சாய வந்தான். தி.நகருக்குப் போகிற வழி. மழைக்கோட்டைச் சொட்டச் சொட்ட வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, கெங்கம்மா பின்தொடர உள்ளே வந்தான். கையை உதறித் துடைத்துக்கொண்டான். முதலில் சுவரில் பிளக்கைப் பார்த்தான். வெள்ளை பிளக் விளிம்பில் பழுப்பேறி இருந்தது. பிறகு மண்டியிட்டுக் குடிலின் பின்னால் தலையை விட்டான். தலையை வெளியே எடுத்தபோது காதில் ஒரு வைக்கோல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, இன்னா வேல பண்ணி வெச்சிகிறீங்க?"

"சுருட்டி வெச்சிகிறேன். உன்ன மாரி நடக்கற எடத்துல பரப்பி வெக்கச் சொல்றியா?"

"கயித்த சுருட்டலாம் மாமா. இதுக்குள்ள கரண்டு ஓடிகினே கீது. ஓடுறது சூடு குடுக்கும். வயரு விரிஞ்சி கெடந்தா காத்துல ஆறிடும். வளையம் மேல வளையம் போட்டு, இறுக்கிக் கட்டி, மேல வைக்கோலு போத்தி வுட்டா அந்தச் சூடு எங்க போவும்? உள்ளயே கெடந்து வேவும்."

"பியூஸு போவலியே?"

"அது போவாது. பியூஸுக்கு இது பெரிய கரண்டு இல்ல. வயருக்குத்தான் பெருசு. சீரியல் லைட்டுக்குன்னு கேட்டீங்க, இந்த மெல்லிசு வயரக் குட்த்தேன். ஹாலஜன் மாட்டுவீங்கன்னு தெரியாது." சற்று நிறுத்தினான். "இன்னா மாட்டப் போறீங்கன்னு நானும் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

"இப்ப இன்னா செய்யணும் தம்பி?" என்றாள் ஜாஸ்மின்.

"பிளக்கு வேற ஒட்டிகினு கீது. மெயின அணைச்சிட்டுதான் கையே வெக்க முடியும். இப்பவே அணைக்கணும்."

"அதுக்கு வேற ஆளப் பாரு" என்றான் ஆரோக்கியராஜ்.

"மாமா, வூடு எரிஞ்சா குடிலும்தான் எரியும்."

"எரியாது. அவரு பாத்துக்குவாரு."

"அவருதான் எங்க அக்கா வழியா எனக்குப் போன் போட்டாரு."

கெங்கம்மா குபுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆரோக்கியராஜ் சிரிக்கவில்லை.

"செல்லுல லைட்டு கீது மாமா. அத்த அடிச்சிகினு நிக்கிறேன். வெளிச்சம் அணையாது. போதுமா?"

"செல்லு லைட்டு காட்டிக் கடவுள ஏமாத்தச் சொல்றியா? நான் கேலிக்கா நேந்துகினேன்?"

ஓட்டில் தூறல் விழுந்தது. வைக்கோலிலிருந்து அந்த வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தது. ஜாஸ்மின் குடிலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"நீ அணைக்க வோணாம்யா. உன்னத் தாண்டி நானும் அணைக்க மாட்டேன். ஆனா இங்கயேதான் குந்தியிருப்பேன். ராஜாங்க வர்ற வரைக்கும் கைய வைக்கோலு மேலயே வெச்சிகினு இருப்பேன். தூங்க மாட்டேன்."

அவள் மிரட்டவில்லை. சொன்னதைச் செய்கிறவள் என்று அவனுக்குத் தெரியும்.

கெங்கம்மா வெளியே போனாள். பக்கத்து வீட்டில் எதையோ உருட்டுகிற சத்தம் கேட்டது. கோழி ஒரு முறை கத்தியது. திரும்பி வந்தபோது கையில் மண்ணாங்கட்டியின் தலைவிளக்கு இருந்தது. கடலில் நெற்றியில் கட்டிக்கொள்ளும் சின்ன பேட்டரி விளக்கு. உப்புப் பூத்திருந்தது. ரப்பர் பட்டை அறுந்த இடத்தில் வலை பின்னும் நூலால் தைத்திருந்தது.

"ஆரோக்கியம், இத்தப் பாரு. அன்னிக்கு உங்க மாமா நெத்தியில கட்டிகினு வந்தது இதான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கையை நீட்டி வாங்கினான். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதா? இவ்ளோ சின்னதாக்கா இருந்திச்சி?"

"இவ்ளோதான். உனக்குக் கடல்ல பெருசாத் தெரிஞ்சிருக்கும். நீ பாத்து நேந்துகினது இத்த. ஏலக் கூடத்து லைட்டு ஒண்ணும் அன்னிக்கு உன்னத் தேடிகினு வரல."

ஆரோக்கியராஜ் விளக்கில் பூத்திருந்த உப்பைக் கட்டைவிரலால் தேய்த்தான். இருட்டில், வாயில் உப்புத் தண்ணீரோடு அவன் கண்ட வெளிச்சம் பக்கத்து வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அவன் வேறு விளக்கைத் தேடி எங்கோ போயிருக்கிறான்.

கெங்கம்மா அவன் கையிலிருந்து அதை எடுத்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, குடிலுக்கு நேரே நின்று, பித்தானை அமுக்கிப் பாலன் இயேசுவின் முகத்தில் வெளிச்சம் விழும்படி பிடித்தாள்.

"தோ, நான் புடிச்சிகினு நிக்கிறேன். அணையாது. எங்க முருகன் மேல சத்தியமா அசைய மாட்டேன். நீ போயி மெயின அணைச்சிட்டு வா. கை நோவுறதுக்குள்ள வரணும், ஆமா."

ஆரோக்கியராஜ் சிலுவை போட்டுக்கொண்டான். வாசல் பக்கம் போய், சுவிட்சுப் பலகையில் மெயினைக் கீழே இழுத்தான். அவன் கையாலேயே இழுத்தான்.

வீடு இருண்டது. ஹாலஜன் கம்பி சிவந்து மங்கியது. அந்த இருட்டில் கையகல வெளிச்சம் மட்டும், பிள்ளையின் முகத்தில், கொஞ்சமும் நடுங்காமல் நின்றது. இத்தனை நாள் கண் கூசிய வெளிச்சத்தில் யாரும் சரியாகப் பார்க்காத முகம். சிரிக்கிற முகம்.

டில்லிபாபு செல்போன் வெளிச்சத்தில் பிளக்கை நெம்பி எடுத்தான். ஆரோக்கியராஜ் வைக்கோலை விலக்கி வயர்ச் சுருளைத் தூக்கினான். முடிச்சை அவிழ்த்து நீட்டப் பார்த்தான். மேல் வளையங்கள் வந்தன. உள் வளையங்கள் ஒன்றோடொன்று இளகி ஒட்டிப் போய் அல்வாவைப் போல இழுபட்டன. அதைச் சுற்றியிருந்த வைக்கோல் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறி, விரலில் நொறுங்கியது.

அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"ஒரு தடவ கூட இத்த யாரும் மிதிக்கலியே" என்றான் மெதுவாக.

"மரியாதையாத்தான் வெச்சீங்க மாமா" என்றான் டில்லிபாபு. "அதுக்கு வேற மாரி மரியாத வோணும், அவ்ளோதான். வெளிச்சத்த எதுக்கு அவ்ளோ தூரம் இஸ்துகினு வரணும்? குடில பிளக்குகிட்ட இட்னு போலாம் வாங்க."

"டிவி?"

"டிவி தூங்கட்டும்" என்றாள் ஜாஸ்மின் முந்திக்கொண்டு.

டிவியை எடுத்துக் கட்டிலடியில் வைத்தார்கள். மூன்று பேர் பலகையைப் பிடித்தார்கள். "தோளு பாத்து" என்றாள் ஜாஸ்மின். "இன்னும் எத்தினி நாளு அத்தயே சொல்லிகினு இருப்ப?" என்று சொல்லி அவன் தூக்கினான். மணல் சரிந்தது, ஒரு இடையன் விழுந்தான். ராஜாக்களின் படகு விளிம்புக்கு வர, ஜாஸ்மின் மோவாயால் தடுத்து நிறுத்தினாள். கெங்கம்மா வெளிச்சம் பிள்ளை முகத்தைவிட்டு விலகாமல் பக்கவாட்டில் அடி அடியாக நடந்துவந்தாள்.

"வழி வுடுங்க, வழி வுடுங்க, தேரு வருது!"

"உனக்கு யாரு குறுக்க நிக்கிறாங்க?" என்றான் ஆரோக்கியராஜ். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

டில்லிபாபு தன் வண்டிப் பெட்டியிலிருந்து புது பிளக் பாயிண்ட் எடுத்து மாட்டினான். சின்ன எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை நேராகச் சுவரிலேயே செருகிக் குடிலைப் பார்த்துத் திருப்பினான். "இது சுடாது. ஆனாலும் வைக்கோலு கிட்ட வராம பாத்துக்கோங்க. ராஜாங்க திருநாள் வரைக்கும் எரியட்டும். தெனமும் ஒருதரம் பிளக்கத் தொட்டுப் பாருங்கக்கா, சூடா இருந்தா கூப்பிடுங்க." ஒட்டிப்போன வயரை வெட்டி, யாரும் மறுபடி எடுத்து மாட்டாதபடி பிளக்கைத் தனியாக நறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"யக்கா, கை நோவலியா?" என்றான் ஆரோக்கியராஜ்.

"நோவுது. பேசிகினு நிக்காம போயி மெயினப் போடு."

மெயினை ஏற்றினான். எல்.ஈ.டி. விளக்கு எரிந்தது. குடில் முழுவதும் மிதமான வெளிச்சம் பரவிய பிறகுதான் கெங்கம்மா கையை இறக்கித் தோளைப் பிசைந்துகொண்டாள். தலைவிளக்கு அதற்குள் மங்கியிருந்தது. அணைத்தாள்.

டிவி இல்லாத வீட்டில் கடல் நன்றாகக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோலக் கேட்டது. ஜாஸ்மின் கணவன் முகத்தைப் பார்த்தாள். அவன் காதைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"நான் வரேன். இத்தச் சார்ஜு போடணும்" என்றாள் கெங்கம்மா. "விடிய உங்க மாமா கடலுக்குப் போவும்."

ஆரோக்கியராஜ் கையை நீட்டினான். "சார்ஜர மட்டும் குட்த்தனுப்புக்கா. இங்கயே போட்டுக்கறேன்." டிவி இருந்த பிளக் காலியாக, குடிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. "வெடிகாலையில நானே கரைக்கு எடுத்துகினு வந்து மாமா கையில குடுக்கறேன்னு சொல்லு."

கெங்கம்மா அவனைப் பார்த்தாள். பிறகு ஜாஸ்மினைப் பார்த்தாள். "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைவிளக்கை அவன் கையில் வைத்தாள்.

ஜாஸ்மின் அடுப்படிக்குப் போனாள். மிச்சமிருந்த குழம்பைக் கெங்கம்மா வீட்டுக்குக் கொடுக்க ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். பிறகு, மூலையில் மடித்து வைத்திருந்த அவனுடைய கடல் சட்டையை எடுத்து உதறி, காலையில் கைக்கு எட்டும்படி கதவு ஆணியில் மாட்டினாள்.